கள்வன் வகுப்பை ஆடுவது எப்படி: இடம், காலம், கருவி

கற்பனை உலக ஆர்.பி.ஜி. விளையாட்டில், அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டில், பாத்திரத்தின் வகுப்பாக (தொழில் வகையாக) கள்வனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதல் சண்டையிலேயே எதிரியின் முன்னால் நேராகப் போய் நின்று செத்துப்போகிறவர்கள் ஏராளம். இரண்டு தடவை செத்ததும் "இது உதவாத வகுப்பு" என்று வாள்வீரனுக்கு மாறிவிடுவார்கள். கள்வனுக்கு உயிர்ப்புள்ளி குறைவு, கவசம் லேசு. அவன் பலம் எல்லாம் சண்டை தொடங்குவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்று தெரிந்தால் ஆட்டமே வேறு.

சிலப்பதிகாரத்தில் மதுரைப் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன என்று காவலரிடம் எட்டை அடுக்குவான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான் என்பதால் தொழில் தெரிந்தே சொல்கிறான். இன்றைய விளையாட்டுகளின் கள்வன் வகுப்பைப் பிரித்துப் பார்த்தால் இந்த எட்டும் அப்படியே கிடைக்கும். இவற்றில் கடைசி மூன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்கிறோம், எப்போது அசைகிறோம், கையில் என்ன இருக்கிறது. மற்ற ஐந்தும் இந்த மூன்றுக்கும் கைகொடுப்பவை.

பெயரில் வரும் குழப்பம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் 'தீஃப்' என்ற வகுப்பு 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூலில் அச்சாகி வந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது 'ரோக்' ஆனது. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் 'தீஃப்' என்ற பெயர் ரோக்கின் ஓர் உட்பிரிவுக்குப் போய்விட்டது. அந்த விதிகளைத் தழுவிய கணினி விளையாட்டான பால்டர்ஸ் கேட் 3-இல் வகுப்பின் பெயர் ரோக். மூன்றாம் நிலையில்தான் 'தீஃப்' என்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்கைரிம் என்ற இன்னொரு கணினி விளையாட்டில் வகுப்பு என்பதே கிடையாது. பதுங்குதல், பூட்டு, முடிச்சவிழ்ப்பு (பிறர் பையிலிருந்து திருடுவது), லேசான கவசம், பேச்சு, ரசவாதம் ஆகிய ஆறு திறன்களும் கள்வன் நட்சத்திரக் கூட்டத்தின் கீழ் வரும், அவ்வளவுதான்.

மொரீஷியசில் நமக்கு இன்னொரு சிக்கல். ஒரே வீட்டில் அண்ணன் ஆங்கிலத்தில் ஆடுவான், தங்கை பிரெஞ்சில் ஆடுவாள், இருவரும் பேசிக்கொள்வது கிரியோலில். ஒருவர் சொல்லும் பெயர் மற்றவர் திரையில் இருக்காது. பிரெஞ்சு அமைப்பில் ரோக் என்பது 'ரூப்ளார்'. பால்டர்ஸ் கேட்டில் கைச்சாதுரியம், அதாவது ஸ்லைட் ஆஃப் ஹேண்ட், 'எஸ்கமொத்தாஜ்' என்று இருக்கும். ஸ்கைரிமில் பூட்டுத் திறப்பு 'குரோஷ்தாஜ்', முடிச்சவிழ்ப்பு 'வொல் அ லா தீர்'. கிரியோலில் 'வோலேர்' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், ஆனால் திரையில் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள். பிரான்சிலிருந்தோ ரெயூனியனிலிருந்தோ வந்த மடிக்கணினி என்றால் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அப்படியானால் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே நடக்கும் விசைகளையும் பதுங்கும் விசையையும் கைக்கு வசதியாக மாற்றிக்கொள்ளுங்கள். பதுங்கும்போது தவறான விசையில் விரல் பட்டால் அங்கேயே பிடிபட வேண்டியதுதான்.

இடம்: யார் பார்க்கிறார்கள், யார் கேட்கிறார்கள்

ஸ்கைரிமில் பதுங்கியதும் திரை நடுவில் ஒரு கண் தெரியும். மூடியிருந்தால் யாரும் உங்களைக் காணவில்லை. விரிய விரிய ஆபத்து. பலர் இந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அது நடந்ததைச் சொல்லுமே தவிர, நடக்கப்போவதைச் சொல்லாது. கண் விரிவதற்குக் காரணமானவற்றைத்தான் கவனிக்க வேண்டும்: வெளிச்சம், தூரம், உங்கள் அசைவு, உங்கள் சத்தம். கையில் தீப்பந்தம் இருந்தால் அணைத்து உள்ளே வையுங்கள். பதுங்கியபடி ஓடாதீர்கள், நடங்கள். கனமான கவசத்தைக் கழற்றுங்கள், அதிலும் கனமான காலணி காலடிச் சத்தத்தைக் கூட்டும். கண் பாதி விரிந்துவிட்டால் பதறி ஓட வேண்டாம். அசையாமல் நின்றாலே பல நேரம் தானாக மூடிக்கொள்ளும். காவலாளி தேடத் தொடங்கிவிட்டால் தூணுக்கோ சுவருக்கோ பின்னால் போய் அவன் சலித்துத் திரும்பும்வரை காத்திருங்கள்.

காவலாளியை நகர்த்தவும் வழி உண்டு. அவனுக்குப் பின்னால் தள்ளியிருக்கும் சுவரில் ஓர் அம்பை எய்தால், சத்தம் கேட்ட இடத்தைப் பார்க்கப் போவான். அந்த நேரத்தில் கதவைக் கடந்துவிடலாம்.

ஸ்கைரிமில் ஒவ்வொரு திறனுக்கும் கிளை கிளையாகப் பிரியும் ஒரு மரம் உண்டு, அதிலுள்ள சிறப்புத் திறன்களைப் (பெர்க்) புள்ளி போட்டு எடுக்க வேண்டும். பதுங்கல் மரத்தில் புள்ளிகளை எந்த வரிசையில் போடுவது என்பது முக்கியம். முதல் புள்ளி ஸ்டெல்த். பதுங்கல் 20% கூடும். அதற்கு மேல் அதே இடத்தில் நான்கு தடவை போடலாம், ஆனால் தடவைக்கு 5% தான் கூடும் என்பதால் அவசரம் இல்லை. திறன் 30 ஆனதும் இரண்டு கிளைகள் திறக்கும். ஒன்றில் மஃபிள்ட் மூவ்மென்ட் இருக்கிறது, அது கவசத்தின் சத்தத்தைப் பாதியாக்கும். மற்றதில் பேக்ஸ்டாப். ஒற்றைக் கை ஆயுதத்தால் மறைந்திருந்து அடித்தால் சாதாரணமாக 3 மடங்கு விழும் அடி, இதை எடுத்தால் 6 மடங்காகும். அதே கிளையில் 40-இல் டெட்லி எய்ம், வில்லுக்கு 3 மடங்கு. 50-இல் அசாசின்ஸ் பிளேட், குறுங்கத்திக்கு 15 மடங்கு. வில்லே தொடாதவர்களும் டெட்லி எய்ம் எடுக்காமல் அசாசின்ஸ் பிளேடுக்குப் போக முடியாது. ஆகமொத்தம் நான்கு புள்ளிகள். கள்வனுக்கு இதைவிட லாபமான நான்கு புள்ளிகள் அந்த விளையாட்டில் கிடையாது.

பால்டர்ஸ் கேட் 3-இல் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. சி விசையை அழுத்தினால் ஒளிந்துகொள்வீர்கள். ஷிஃப்டைப் பிடித்திருந்தால் ஒவ்வொருவர் முன்னாலும் சிவப்புக் கூம்பு தெரியும், அதுதான் அவர்கள் பார்வை. கூம்புக்குள் நல்ல வெளிச்சத்தில் கால் வைத்தால் உடனே பிடிபடுவீர்கள். மங்கல் வெளிச்சம் என்றால் பகடை உருளும். கூம்புக்கு வெளியே கவலை இல்லை. இருட்டிலும் பார்க்கக்கூடிய எதிரிகளிடம் இருட்டின் பயன் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, குழுவின் நான்கு பேரையும் சேர்த்தே நடத்துவது. கள்வன் ஒளிந்து போவான், பின்னால் இரும்புக் கவசத்தில் வருகிறவன் பார்வையில் சிக்குவான், சண்டை தொடங்கிவிடும். ஜி விசையால் குழுவைப் பிரியுங்கள். மற்ற மூவரையும் எதிரியின் பார்வைக்கு எட்டாத மூலையில் நிறுத்துங்கள். கள்வனை மட்டும் அனுப்பி, மறைந்திருந்தே முதல் அடியை அடிக்கவிடுங்கள். திகைத்துப்போன எதிரிகள் முதல் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பார்கள். அதற்குள் மற்ற மூவரும் வந்துசேரலாம்.

கருவி: பூட்டுக்கு முன்னால்

ஸ்கைரிமின் பூட்டுகளில் ஐந்து படிகள்: நோவிஸ், அப்ரென்டிஸ், அடெப்ட், எக்ஸ்பர்ட், மாஸ்டர். பூட்டுக்குள் ஏதோ ஒரு கோணத்தில் சரியான இடம் ஒளிந்திருக்கும். படி கூடக்கூட அந்த இடம் குறுகும். திறக்கும் முறை இது:

பூட்டைத் திறக்கும் கம்பியை நேர் மேலே வைத்துக்கொண்டு பூட்டை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள், ஒரு தட்டு, உடனே விடுங்கள். பூட்டு கொஞ்சங்கூட நகராமல் கம்பி நடுங்கினால் இடம் வெகுதூரத்தில் இருக்கிறது. கொஞ்சம் திரும்பி நின்றால் அருகில் இருக்கிறீர்கள். நடுவில் ஒன்றும் இல்லையென்றால் இடப்பக்கப் பாதியின் மத்தியில் ஒரு தட்டு, வலப்பக்கப் பாதியின் மத்தியில் ஒரு தட்டு. எந்தப் பக்கம் பூட்டு கூடுதலாகத் திரும்பியதோ அந்தப் பக்கத்தை மறுபடி பாதியாக்குங்கள். மாஸ்டர் பூட்டில் கடைசி நகர்த்தல்கள் மயிரிழை அளவில் இருக்க வேண்டும். அதற்குச் சுட்டியைவிட கன்ட்ரோலரின் குச்சி கைக்கு அடங்கும்.

கம்பி உடைந்தால் எரிச்சலில் வெளியே வந்துவிடாதீர்கள். உள்ளேயே இருந்தால் சரியான இடம் மாறாது, அடுத்த கம்பியை அதே கோணத்தில் வைத்துத் தொடரலாம். வெளியே போய்த் திரும்பி வந்தால் இடம் மாறிவிடும், கற்றதெல்லாம் வீண். பூட்டைத் திறக்கும் நேரத்தில் சுற்றியுள்ள உலகம் நின்றுவிடும் என்பதால் அவசரப்படத் தேவையே இல்லை. ஆனால் தொடங்கும் கணத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் குற்றம் பதிவாகும், தலைக்கு 5 பொன் விலை வைப்பார்கள்.

பூட்டுத் திறப்பு மரத்தில் பெர்க் புள்ளி போடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. கை பழகினால் பெர்க் ஒன்றுமில்லாமலே மாஸ்டர் பூட்டும் திறக்கும். இரண்டு மூன்று கம்பி கூடுதலாக உடையும், அவ்வளவே. அந்தப் புள்ளிகள் பதுங்கலுக்குப் போகட்டும்.

பால்டர்ஸ் கேட்டில் கை வேலை கிடையாது, எல்லாம் இருபதுமுகப் பகடையின் கணக்கு. அதைப் புரிந்துகொண்டவன் கருவிகளை வீணாக்க மாட்டான். ஐந்தாம் நிலை ரோக், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 4. பயிற்சிப் புள்ளி 3, எக்ஸ்பர்டீஸ் (தனித்தேர்ச்சி) கொடுத்திருந்தால் அது இரட்டித்து 6. மொத்தம் 10, இது பகடையில் விழும் எண்ணோடு சேரும். பூட்டின் கடினம் 20 என்றால் பகடையில் 10-உம் அதற்கு மேலும் விழ வேண்டும், அதாவது 55% வாய்ப்பு. கூட்டாளி ஒருவர் கைடன்ஸ் மந்திரம் போட்டால் நான்குமுகப் பகடை ஒன்றும் சேர்ந்து வாய்ப்பு 67.5% ஆகும். கேட்ஸ் கிரேஸ் போன்ற மந்திரத்தால் அட்வான்டேஜ் கிடைத்து, இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்தால் ஏறக்குறைய 80%. இரண்டும் சேர்ந்தால் 89%. அதே பூட்டை டெக்ஸ்டெரிட்டி 12 உள்ள, பயிற்சி இல்லாத வீரன் தொட்டால் 10% தான். "யார் திறந்தால் என்ன" என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

தோற்றால் அந்தக் கருவி போய்விடும். வென்றால் கையிலேயே இருக்கும். பகடையில் 1 விழுந்தால் எத்தனை புள்ளி சேர்த்தாலும் தோல்விதான், அதனால் ஒரே ஒரு கருவியோடு பெரிய பெட்டி முன்னால் போய் நிற்காதீர்கள். முதல் நிலையில் எக்ஸ்பர்டீஸ் இரண்டு கிடைக்கும். ஒன்று கைச்சாதுரியத்துக்கு, ஒன்று பதுங்கலுக்கு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆறாம் நிலையில் இன்னும் இரண்டு வரும், அவற்றை விருப்பம்போல் வையுங்கள்.

முதல் அத்தியாயத்திலேயே சென்டாரிம் கும்பலின் மறைவிடத்தில் பிரெம் என்ற வணிகனிடம் குளவ்ஸ் ஆஃப் தீவரி என்ற கையுறை கிடைக்கும். கைச்சாதுரியத்துக்கு எப்போதும் அட்வான்டேஜ். இது கையில் இருந்தால் கேட்ஸ் கிரேஸ் மந்திரத்தை இதற்காகச் செலவிட வேண்டியதில்லை.

முடிச்சவிழ்ப்பு

பழைய தமிழில் முடிச்சவிழ்ப்பது என்பார்கள். மடியில் முடிந்துவைத்த காசை அவிழ்க்கிறவன் முடிச்சவிழ்க்கி. விளையாட்டுகளில் கள்வனுக்கு வேகமாகப் பணம் சேர்த்துத் தருவதும், வேகமாகச் சிறைக்கு அனுப்புவதும் இதுதான்.

பால்டர்ஸ் கேட்டில் செய்யும் வரிசையைச் சொல்கிறோம். குழுவைப் பிரித்து மற்றவர்களைத் தூரமாக அனுப்புங்கள். ஒருவரை மட்டும் வணிகரிடம் பேச்சுக் கொடுக்க விடலாம். பேச்சு நடக்கும்வரை வணிகர் திரும்ப மாட்டார், கள்வனுக்கு முதுகு கிடைக்கும். கைடன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் கூம்பு எதுவும் உங்கள்மேல் விழவில்லை என்று பார்த்துவிட்டு ஒளியுங்கள். பையைத் திறந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் எடுக்க வேண்டிய எண் தெரியும். விலையும் எடையும் கூடினால் எண்ணும் கூடும். சுலபமானதில் தொடங்கி ஆசையை அடக்கி இரண்டு மூன்று பொருளோடு நிறுத்துங்கள். எடுத்ததும் உடனே ஓடுங்கள். கொஞ்ச நேரத்தில் வணிகர் பையைத் தடவிப் பார்ப்பார், பிறகு தேடத் தொடங்குவார். அப்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் ஆளாக இருந்தால் அவரைப் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். பேச்சுக் கொடுத்த கூட்டாளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷிஃப்டும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் சுற்று முறைக்கு மாறும். ஒரு சுற்று என்பது ஆறு வினாடி. காவலர் நடமாட்டம் அதிகமான இடத்தில் இந்த முறையில் நகர்ந்தால் ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கலாம்.

ஸ்கைரிமில் வாய்ப்பு சதவீதமாகத் தெரியும். எவ்வளவு தேர்ந்தாலும் 90% தான் உச்சம், எனவே பத்தில் ஒன்று தவறும் என்று எண்ணியே கை வையுங்கள். பிடிபட்டால் 25 பொன் தலைவிலை. தூங்குகிறவரிடம் எடுப்பது சுலபம். நைட் தீஃப் பெர்க் அதை இன்னும் 25% கூட்டும். பொன்னை எடுக்கும்போது தொகை கூடக்கூட வாய்ப்பு குறையும்.

ஸ்கைரிமில் கள்வனுக்கே உரிய ஒரு வரும்படி உண்டு. ரிஃப்டன் நகரக் கள்வர் சங்கத்தில் விப்பிர் என்பவர் முடிச்சவிழ்ப்புக் கற்றுத்தருவார். காசு கொடுத்துப் பயின்றதும் அந்தக் காசு அவர் பையில்தான் இருக்கும். அதை உடனே திரும்ப எடுத்துவிடலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து பாடம் வரை எடுக்கலாம். ஒரு பாடத்துக்குக் கொடுத்ததை அப்போதே எடுத்துவிடுங்கள். ஐந்து பாடத்தின் காசும் சேர்ந்த பிறகு எடுக்கப் போனால் தொகை பெரிதாகி வாய்ப்பு சரிந்துவிடும். பதுங்கலுக்கு டெல்வின், பூட்டுக்கு வெக்ஸ், இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்களிடமும் இதே வழிதான்.

முதல் பாடத்துக்கு ரிஃப்டன் சந்தையே போதும். அங்கே கள்வர் சங்கத்து ஆளான பிரின்யோல்ஃப் ஒரு வேலை தருவான்: மடேசி என்ற நகை வணிகரின் கடைக்கு அடியில் பூட்டியிருக்கும் பெட்டியிலிருந்து வெள்ளி மோதிரத்தை எடுத்து, பிராண்ட்-ஷே என்பவரின் பைக்குள் அவருக்குத் தெரியாமல் போட வேண்டும். பிரின்யோல்ஃப் சந்தை நடுவில் கூவிக் கூட்டம் சேர்ப்பான். எல்லாரும் அவன் பக்கம் திரும்பியதும் கடைக்குப் பின்புறமாகச் சுற்றிப் போங்கள். பதுங்கி, கண் மூடியதைப் பார்த்து, முதலில் நகரும் கதவின் பூட்டு, பிறகு பெட்டியின் பூட்டு. பிராண்ட்-ஷே பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார், பின்னாலிருந்து நெருங்குங்கள். இடம், காலம், கருவி மூன்றையும் ஒரே வேலையில் பழக்கிவிடும் அருமையான பாடம் இது. தோற்றாலும் கவலை வேண்டாம், சங்கத்தின் கதவு மூடிவிடாது.

காலம்: ஒரே அடி

கள்வனின் அடி எப்படிப் பெருகுகிறது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். எந்த ஆயுதம் எடுப்பது என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. பழைய பால்டர்ஸ் கேட்டில், 1998-இல் வந்ததில், முதுகில் குத்தினால் ஆயுதத்தின் பகடை மடங்காகும். முதல் நான்கு நிலைகளில் 2 மடங்கு, ஐந்திலிருந்து 3. ஆகவே பகடை பெரிய ஆயுதம்தான் லாபம். குறுங்கத்தியின் சராசரி 2.5, நீள்வாளின் சராசரி 4.5. இரட்டித்தால் வித்தியாசமும் இரட்டிக்கும். மறைந்திருக்க வேண்டும், முதுகுப் பக்கம் நிற்க வேண்டும், இரண்டும் கட்டாயம்.

ஸ்கைரிமில் இது தலைகீழ். இரும்புக் குறுங்கத்தி 4, இரும்பு வாள் 7. ஆனால் அசாசின்ஸ் பிளேடோடு 4-ஐ 15-ஆல் பெருக்கினால் 60. வாளுக்கு 6 மடங்குதான், 42. கருங்காலி நிறத்து எபனி ஆயுதங்களில் கத்தி 150, வாள் 78. எதிரியின் முன்னால் நின்று சண்டையிடவும் அதே கத்தியை வைத்துக்கொள்வது தவறு. முதல் குத்துக்குக் கத்தி, அதில் சாகாவிட்டால் உடனே வாளுக்கோ வில்லுக்கோ மாறுங்கள். இரண்டையும் விருப்பப் பட்டியலில் வைத்தால் ஒரே விசையில் மாறலாம்.

பால்டர்ஸ் கேட் 3-இல் ஸ்னீக் அட்டாக் என்பது கூடுதல் ஆறுமுகப் பகடைகள். முதல் நிலையில் ஒன்று, பிறகு ஒவ்வோர் ஒற்றைப்படை நிலையிலும் ஒன்று கூடி, பதினொன்றாம் நிலையில் ஆறு. சுற்றுக்கு ஒரு தடவைதான். இதற்கு ஒளிந்தே இருக்க வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு. அட்வான்டேஜ் இருந்தால் போதும். அது இல்லாவிட்டாலும், உங்கள் கூட்டாளி ஒருவர் எதிரியிலிருந்து 1.5 மீட்டருக்குள் நின்றால் போதும். டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் குறைந்ததை எடுக்கும் நிலை) மட்டும் கூடாது. ஆயுதம் குறுங்கத்தி போன்ற ஃபினெஸ் வகையாகவோ எய்வதாகவோ இருக்க வேண்டும். பெரிய கோடரியைக் கையில் கொடுத்துவிட்டு "ஸ்னீக் அட்டாக் வேலை செய்யவில்லை" என்று தவிப்பவர்களுக்குப் பதில் இதுதான்.

மூன்றாம் நிலையில் தீஃப் உட்பிரிவை எடுத்தால் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் வரும்: ஒரு சுற்றில், முதன்மைச் செயலுக்கு மேல் கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷன் இரண்டு. இரண்டு கையிலும் ஆயுதம் வைத்திருந்தால் ஒரு முதன்மை அடியும் இடக்கை அடி இரண்டும் அடிக்கலாம். அல்லது ஒன்றில் ஒளிந்து, ஒன்றில் விலகி ஓடலாம். கன்னிங் ஆக்‌ஷன் இரண்டாம் நிலையிலேயே ஒளிவதையும் விலகுவதையும் போனஸ் ஆக்‌ஷனுக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால்தான் இது இவ்வளவு பலமாகிறது. அசாசின் உட்பிரிவு முதல் சுற்றில் பயங்கரம், திகைத்த எதிரிமேல் படும் அடி எல்லாம் கிரிட்டிகல், அதாவது அடியின் பகடைகள் இரட்டிக்கும். ஆனால் முதல் சுற்றுக்குப் பிறகு கொடுப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு தீஃப் உட்பிரிவைத்தான் சொல்வோம். தவறாக எடுத்துவிட்டால் முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 பொன் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

மருந்தும் மந்திரமும்

ஸ்கைரிமில் ரசவாதத்தைக் கள்வன் திறன்களோடு சேர்த்திருப்பது சும்மா இல்லை. கேனிஸ் ரூட்டும் இம்ப் ஸ்டூலும் சேர்த்தால் உடலை உறைய வைக்கும் விஷம் கிடைக்கும். தொடக்கத்தில் அது சில வினாடிதான் நிற்கும், ஆனால் கள்வனுக்குச் சில வினாடி போதும். லூனா மாத் சிறகும் நர்ன்ரூட்டும் சேர்ந்தால் மறைந்துபோகும் பானம். லூனா மாத்தோடு சோரஸ் முட்டையைச் சேர்த்தால் மறைவோடு மந்திரசக்தியைக் குறைக்கும் தீங்கும் கூடவே வரும், அதனால் முதல் சேர்க்கையே நல்லது. நர்ன்ரூட் செடியைத் தேட கண்ணைவிடக் காது உதவும், நீர்க்கரையோரம் ரீங்காரம் கேட்கும். மறைவுப் பானத்தைக் குடித்துவிட்டுக் கதவைத் திறந்தாலோ பெட்டியைத் தொட்டாலோ மறைவு கலைந்துவிடும். கடக்க மட்டும் குடியுங்கள், எடுப்பதற்குக் குடிக்காதீர்கள்.

மஃபிள் மந்திரம் காலடிச் சத்தத்தை அடக்கும். அதைக் கற்றால் மஃபிள்ட் மூவ்மென்ட் பெர்க்கைத் தள்ளிப்போடலாம்.

எடுத்ததை விற்பது

ஸ்கைரிமில் திருடிய பொருளைச் சாதாரணக் கடைக்காரர் வாங்க மாட்டார். புதிதாக ஆடுகிறவர்கள் பை நிறைய நகையோடு கையில் காசில்லாமல் அலைவது இதனால்தான். கள்வர் சங்கத்தில் சேர்ந்ததும் டொனிலியா வாங்குவார். அவர் கையில் தொடக்கத்தில் 1000 பொன் இருக்கும். டெல்வின், வெக்ஸ் தரும் சிறு வேலைகளை ஒரு நகரத்துக்கு ஐந்து வீதம் முடித்தால் அந்த நகரத்துக்கான பெரிய வேலை திறக்கும். மார்கார்த், சாலிட்யூட், ஒயிட்ரன், விண்ட்ஹெல்ம் ஆகிய நான்கு நகரங்களிலும் இதை முடிக்க முடிக்க டொனிலியா கையில் இருக்கும் பொன்னும் கூடும். வேலை எந்த நகரத்துக்கு விழும் என்பது குலுக்கல்தான். எனவே கேட்பதற்கு முன் சேவ் செய்துகொண்டு, வேண்டாத நகரம் வந்தால் திரும்ப லோட் செய்யுங்கள். எடைக்கு விலை அதிகமானதை மட்டும் எடுங்கள். மோதிரம், அட்டிகை, ரத்தினம், பானம். இரும்புச் சட்டியும் மரக்கிண்ணமும் முதுகை ஒடிக்குமே தவிரக் காசாகாது.

ஃபைனல் ஃபேண்டஸி வழியில்

ஜப்பானிய ஆர்.பி.ஜி.களில் கள்வன் இருட்டில் பதுங்குவதில்லை, சண்டை நடுவிலேயே எதிரியிடமிருந்து எடுப்பான். 2000-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 9-இன் சிடான் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வோர் எதிரியிடமும் நான்கு பொருள் வரை இருக்கும். அவை கிடைக்கும் வாய்ப்பு 256-இல் 256, 64, 16, 1 என்று இறங்கும். பெரிய எதிரிகளிடம் நல்ல பொருள் அந்த 256-இல் 1 இடத்தில்தான் ஒளிந்திருக்கும். மாஸ்டர் தீஃப் என்ற திறனைக் கற்றுப் பொருத்தினால் கடைசி இரண்டும் 32 ஆகிவிடும். பேண்டிட் என்ற திறன் கை தவறுவதைத் தடுக்கும். இரண்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் 'ஸ்டீல்' அழுத்திக்கொண்டிருப்பதைவிட முதலில் இவற்றைக் கற்றுவிட்டு வாருங்கள். எதிரியைக் கொன்றுவிடாமல் சண்டையை நீட்டுவதும் இங்கே ஒரு திறமை. மற்ற மூவரும் அடிப்பதை நிறுத்திக் காப்பாற்றிக்கொண்டே இருக்கட்டும்.

சேவ் செய்யும் ஒழுங்கு

களவுக்கு முன் ஒரு சேவ், வெற்றிகரமாக வெளியே வந்ததும் ஒரு சேவ். எஃப்5 விரைவுச் சேவ் இரண்டு விளையாட்டிலும் ஒன்றுதான். திரும்ப லோட் செய்ய பால்டர்ஸ் கேட்டில் எஃப்8, ஸ்கைரிமில் எஃப்9. காவலர் ஏற்கெனவே உங்களைத் தேடும்போது விரைவுச் சேவ் போட்டால் லோட் செய்யும் ஒவ்வொரு தடவையும் அதே ஆபத்தில்தான் கண் விழிப்பீர்கள், அதனால் தனிப் பெயரில் ஒரு சேவ் எப்போதும் இருக்கட்டும். பால்டர்ஸ் கேட்டின் ஹானர் முறையில் ஒரே சேவ்தான், தோற்றதை அழித்து மறுபடி முயல முடியாது. அந்த முறையில் 80%-க்குக் குறைந்த வாய்ப்பில் யார் பையிலும் கை விடாதீர்கள்.

சூறாவளிக் காலத்தில் மூன்றாம் எச்சரிக்கை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருக்கும் நாட்களில்தான் நம் பிள்ளைகள் நீண்ட நேரம் ஆடுகிறார்கள். மின்சாரம் போவதும் அந்த நாட்களில்தான். சேவ் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போகலாம். ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல் மூன்று இடங்களைச் சுழற்சியாகப் பயன்படுத்துங்கள். காற்று வலுத்து விளக்கு மினுங்கத் தொடங்கினால் சங்கத்தின் பெரிய வேலைகளைத் தொடங்காதீர்கள். ஒரு பூட்டு, ஒரு சேவ் என்று சிறு சிறு வேலையாக முடியுங்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யூ.பி.எஸ். ஒன்று பொருத்தினால், மின்சாரம் போன பிறகும் சேவ் எழுதி ஒழுங்காக மூட நேரம் கிடைக்கும்.